பழுப்பு ரொட்டி

மூன்றாவது கோப்பைத் தேநீரை ஊற்றும்போது மேவிசின் கண் குடுவையில் இருந்தது, காது முழுக்க மாடியில் இருந்தது. தலைக்கு மேலே பலகைத் தரையில் அம்மாவின் செருப்பு சரக் சரக்கென்று கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் இருமல் கேட்டு வெகு நேரமாயிற்று. இருமல் இல்லையென்றால் தூங்குகிறார் என்று பொருள். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக்குங்க, மிஸ்டர் ஹாடோ. அவர் முழிச்சதும் அம்மா குரல் கொடுப்பாங்க."

"எனக்கொண்ணும் அவசரம் இல்ல, மிஸ் பெக்ரம். மார்க்கெட் மூடறதுக்குள்ள திரும்பினாப் போதும். பாவம், தூங்கட்டும்."

மார்க்கெட் இன்ஸ்பெக்டர் ஹாடோ அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் கணப்புக்கு, முதுகு ஜன்னலுக்கு. ஊருக்குப் புதுசு. வடக்கே எங்கேயோ வயல்காட்டிலிருந்து நகராட்சி வேலைக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. கழுவிவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி முகம், எதைச் சொன்னாலும் நம்புகிற கண். மார்க்கெட்டில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அவர் முதுகு திரும்பியதும் கேலி, திரும்பாதபோதும் கேலி, அதுதான் அவருக்குப் புரியாதே.

ஆனால் இன்றைக்கு அந்த ஆளின் கையில்தான் மேவிசின் பிழைப்பு இருந்தது.

வார்லி தெரு மார்க்கெட்டில் கடை போடுகிற இடம் கடைக்காரனின் சொத்து அல்ல. பேர் பதிந்தவன் உயிரோடு இருக்கையில், இன்ஸ்பெக்டரின் கண்ணெதிரே, 'இன்னாருக்கு விடுகிறேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். பேச்சு வராவிட்டால் தலையையாவது ஆட்ட வேண்டும். அப்போது இடம் குடும்பத்தோடு நிற்கும். சொல்லாமல் கண்ணை மூடிவிட்டால் தீர்ந்தது கதை. காத்திருக்கிற வரிசையில் முதல் ஆள் சனிக்கிழமை காலை தள்ளுவண்டியோடு வந்து நிற்பான். அப்பா எர்ன் பெக்ரமின் இடமோ மதுக்கடை மூலை. இரண்டு தெரு ஜனமும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். அந்த மூலைக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறவர்கள் எத்தனையோ பேர்.

அப்பாவின் நுரையீரல் கெட்ட நாளிலிருந்து அந்த மூலையில் நின்றது மேவிஸ்தான். விடியுமுன் மொத்தச் சந்தைக்குப் போய் மூட்டை தூக்கியது அவள். பனியில் விரல் வெடித்து, வெடித்த விரலோடு காலிஃபிளவரை அடுக்கியது அவள். இருந்தும் அப்பா யாரிடம் பேசினாலும், "ராய் வந்து எடுத்துக்குற வரைக்கும் இவ பாத்துக்குறா" என்பார். ராய் அவருடைய மகன். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் பல வருஷமாயிற்று. கிறிஸ்துமசுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் கங்காரு சிரிக்கும், ராய் பற்றி ஒன்றும் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை மூச்சு திணறத் திணற, "அந்த இன்ஸ்பெக்டர வரச் சொல்லு. சொல்ல வேண்டியத அவன்கிட்டயே சொல்லிக்கறேன்" என்றார் அப்பா. யார் பேர் என்று கேட்க மேவிசுக்கு வாய் வரவில்லை. இத்தனை உழைத்த பிறகும் கேட்டுத்தான் வாங்கவேண்டுமா என்கிற ரோஷம் ஒரு பக்கம். கேட்டு, வேறு பேர் வந்துவிட்டால் என்கிற பயம் இன்னொரு பக்கம்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" ஹாடோ கோப்பையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். "ரொம்ப நாளா மண்டையக் குடையுது. படிக்கட்ட ஏன் ஆப்பிள்னு சொல்றீங்க?"

மேவிசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுவதும் வந்த ஒரே சிரிப்பு.

"ஆப்பிளும் பேரிக்காயும். பேரிக்காயச் சொல்லிப் பாருங்க, படியச் சொல்லிப் பாருங்க. நம்ம இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே சத்தத்துல முடியுதில்ல?"

"முடியுது. அப்ப பேரிக்காய்னே சொல்லித் தொலைக்கலாமே? பொருந்துற வார்த்தைய விட்டுட்டுப் பொருந்தாத ஆப்பிள மட்டும் வச்சிருக்கீங்க."

"பொருந்துறத விட்டாத்தான உங்களுக்குப் பிடி கிடைக்காது!"

"ஓகோ. காலுக்குத் தட்டு?"

"கறித்தட்டு. கறிதான் காலோட பொருந்தும். அத நாங்க முழுங்கிட்டோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேவிஸ் மாடியைப் பார்த்தாள். செருப்புச் சத்தம் நின்றிருந்தது.

"யாரு கண்டுபிடிச்சது இதெல்லாம்?"

"அதுல எங்களுக்குள்ளயே சண்டை. போலீஸ்காரன் பக்கத்துல நிக்கும்போதே சரக்கு எங்க இருக்குன்னு பேசிக்கத்தான் வந்ததுங்கறார் எங்கப்பா. எதிர்வீட்டு ஸ்கெக்ஸ் மாமா ஒத்துக்க மாட்டார். கப்பல் துறையில வேலைக்கு வந்த அயர்லாந்துக்காரங்களும் நம்மாளுங்களும் ஒருத்தர ஒருத்தர் குழப்பறதுக்குப் பேசினதும்பார். ரெண்டு பேரும் இதுக்காக ஒரு வருஷம் பேசிக்காம இருந்தாங்க."

"உங்கம்மா என்ன சொல்றாங்க?"

"ஆம்பளைங்களுக்கு வேலை இல்லாத நாள்ல வந்ததுங்கறாங்க."

"எனக்கும் கொஞ்சம் வரும், தெரியுமா?" ஹாடோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தேயிலைன்னா திருடன். தவளைன்னா ரோடு. அந்த மீன்கடைக்காரர் பொண்டாட்டியத் தொல்லைங்கறார், அந்தம்மா பக்கத்துல நின்னு மீன் செதில் சுரண்டிட்டிருக்காங்க! தினம் ரெண்டு மூணு காதுல விழும். ராத்திரி என் மனைவிகிட்ட ஒப்பிப்பேன்."

மேவிசின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளைப்பூச்சி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்கள்? இந்த ஆளை வைத்துக்கொண்டு என்னென்னவோ பேசியிருக்கிறார்கள். எடைக்கல் பற்றி, நேற்று வந்த லாரி பற்றி. இவர் எவ்வளவு பொறுக்கிவைத்திருக்கிறாரோ.

அப்போது முன்கதவு தட்டாமலே திறந்தது. எதிர்வீட்டு ஃப்ளோ ஸ்கெக்ஸ், துணி மூடிய கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். பிறந்ததிலிருந்து மேவிசைத் தூக்கி வளர்த்தவள், கதவு தட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது.

"மேவ் கண்ணு, எர்னுக்குக் கொஞ்சம் விலாங்கு மீன் வேகவச்சுக் கொண்டாந்தேன். நாக்குல தொட்டு வச்சாக்கூடப் போதும்..." ஹாடோவைக் கண்டதும் குரலைச் சுருக்கிக்கொண்டாள். "அடடே, துரை வந்திருக்காரா. வணக்கம்."

அந்த நேரம் பார்த்து மாடிப்படி முனகியது. அம்மா பாதிப் படி வரைக்கும் இறங்கி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை, இருந்தும் துடைத்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்து மரியாதையாக ஒரு தலையசைப்பு. பிறகு, கடைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்லியனுப்புகிற குரலில் சொன்னாள்:

"மேவிஸ், உங்கப்பா பழுப்பு ரொட்டி."

பழுப்பு ரொட்டி. கேட்டால் சிரிப்பு வரும். அழுகிப்போன முட்டைக்கோசுக்கு அந்தப் பேர்தான், கிளம்பமாட்டேன் என்கிற லாரிக்கும் அதுதான், கால்பந்தில் தோற்ற அணிக்கும் அதுதான். உயிர் போனது எதுவானாலும் பழுப்பு ரொட்டி. அந்த ரொட்டியும் சாவும் அவர்கள் பாஷையில் ஒரே சத்தத்தில் முடிகின்றன, அதைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. மேவிஸ் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வாள். அவள் வாயால் சொன்னபோதெல்லாம் யாராவது சிரித்திருக்கிறார்கள்.

முகத்தில் ஒன்றும் வரக்கூடாது. ஒன்றும் வரக்கூடாது. எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதர் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஃப்ளோவின் வாய் திறந்தது. மேவிஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. ஃப்ளோ கிண்ணத்தை ஓசைப்படாமல் அலமாரி மேல் வைத்துவிட்டு, "அப்புறம் வர்றேன் கண்ணு" என்று வெளியேறினாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஹாடோ கோப்பையைக் கீழே வைத்தார். இவருக்கு இந்த வார்த்தை தெரியுமா? மீன்கடையில் கேட்டிருப்பாரா? மனைவியிடம் ஒப்பித்திருப்பாரா?

"ரொட்டி கேக்கறாரா?" என்றார் ஹாடோ. முகம் மலர்ந்துவிட்டது. "அட, ரொம்ப நல்லதாப் போச்சே! எங்கப்பாவும் இப்படித்தான் படுத்துக் கெடந்தார். என்னிக்கு வாயத் திறந்து சாப்பாடு கேட்டாரோ அன்னியிலேர்ந்து தேறிட்டார். பசி வந்துட்டாப் பயமில்ல, மிஸ் பெக்ரம்."

"ஆமாங்க," என்றாள் மேவிஸ். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. "பழுப்பு ரொட்டின்னா அவருக்கு உசுரு."

"முதல்ல சாப்பிடட்டும். நீங்க கொண்டுபோகும்போது நானும் கூட வர்றேன். ஒரு நிமிஷ வேலை."

சமையலறைக்கு வந்து கத்தியை எடுத்தாள். வீட்டில் பழுப்பு ரொட்டியே இல்லை, வெள்ளை ரொட்டிதான் இருந்தது. அதை அறுத்தாள். ஒரு துண்டு கோணலாக வந்தது. அப்பாவுக்குக் கோணல் பிடிக்காது என்று இன்னொன்று அறுத்தாள். என்ன செய்கிறோம் என்று உறைத்ததும் கத்தியை மேசையில் போட்டுவிட்டு ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டாள்.

அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அழுதே, கொன்னுடுவேன்," என்றாள் காதோரம். "அப்புறம் அழு. வாழ்க்கை பூரா கெடக்கு அழறதுக்கு. இப்ப வெண்ணெய தடவு."

"எப்பம்மா?"

"நீ ஆப்பிள் கதை சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தியே, அப்ப. மூச்ச இழுத்தார், விடுவார் விடுவார்னு பாத்தேன். விடவே இல்ல." அம்மாவின் மூக்கு விடைத்தது, அவ்வளவுதான். "இங்க கேளு. ரெண்டு தலையணை வச்சு நிமித்தி உக்கார வச்சிருக்கேன். உடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு, வளையுது. ரூம்ல வெளிச்சம் இல்ல. நான் போயி அவருக்குப் பின்னால கட்டில்ல உக்காந்து தாங்கிப் பிடிச்சுக்கறேன். இந்தாளு கேக்கட்டும். ஒரு தலையாட்டு, அவ்ளோதான இவனுக்கு வேணும்? நான் ஆட்டி விட்டுடறேன்."

மேவிஸ் அம்மாவையே பார்த்தாள்.

"என்னடி பாக்குற? நாப்பத்தியோரு வருஷம் அந்த மனுஷன் கழுத்த அமுக்கி விட்டவ நானு. எனக்குத் தெரியாதா எப்படிப் புடிக்கணும்னு?"

"அம்மா." கேட்கக் கூடாது என்று நினைத்தாள், கேட்டுவிட்டாள். "ஏதாவது சொன்னாராம்மா? இடத்தப் பத்தி?"

அம்மா ரொட்டித் தூளைக் கையால் கூட்டி மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். தூளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு போடுவதற்கு இடம் தேடினாள்.

"என்னம்மா சொன்னார்?"

"காலையில ஒரு தடவ கண்ணத் தொறந்தார். ராய் வந்துட்டானான்னு கேட்டார்." அம்மா தூளைத் தொட்டியில் உதறினாள். "நெனப்பு தப்பிப் போச்சு அவருக்கு. அதப் போயி மனசுல வச்சுக்காத. வெண்ணெய தடவுன்னு சொன்னேன்ல?"

சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள். முன்னறையில், "இதோ ரெண்டு நிமிஷம், மிஸ்டர் ஹாடோ, அவருக்குத் தலை வாரி விட்டுடறேன்" என்று கொஞ்சலான குரலில் சொல்வது கேட்டது. படி முனகியது.

மேவிஸ் வெண்ணெய் தடவினாள். ஓரம் வரைக்கும் தடவினாள். ராயா. அத்தனை குளிரும், அத்தனை மூட்டையும் ராய்க்கா? கோபம்தான் வந்தது முதலில். செத்தவர் மேல் கோபப்படுகிறோமே என்று அடுத்த கணமே வெட்கமாக இருந்தது. இடம் போனால் என்ன செய்வது? முட்டைக்கோசையும் மனிதர்களையும் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. தையல் ஆலையில் போய் நிற்கவேண்டியதுதான், பாதி வயதுப் பெண்களுக்குக் கீழே. அம்மா சொல்வதில் என்ன தப்பு? உழைத்தது பொய்யா? பொய்யே இல்லாத ஒன்றுக்காக ஒரே ஒரு பொய்த் தலையாட்டு. அப்பாவுக்கா தெரியப்போகிறது?

தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். ஹாடோவின் தலைக்கு மேல் ஜன்னலில் தெரு தெரிந்தது. சமையலறை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஃப்ளோ வீட்டு ஜன்னலில் திரை மூடியிருந்தது.

பட்டப்பகலில், வெயில் அடிக்கிற நேரத்தில், மாடி ஜன்னல் கீழ் ஜன்னல் இரண்டிலும் திரை. வார்லி தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வீடு திரையை இழுத்து மூடும். மூடியதைப் பார்த்து எதிர்வீடு மூடும், பக்கத்து வீடு மூடும். சவ வண்டி போகிற வரைக்கும் தெருவே இருட்டில் உட்கார்ந்திருக்கும். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃப்ளோ அவள் காதால் கேட்டாள், வீட்டுக்குப் போனாள், திரையை மூடினாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? இன்ஸ்பெக்டருக்குப் புரியக்கூடாது என்றுதான் அம்மா அந்தப் பாஷையில் சொன்னாள். புரியக்கூடாத ஒருவரைத் தவிரத் தெரு முழுக்கப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் வெளியாளை ஏமாற்றிப் பழகிய அம்மாவுக்கு, உள்ளாள் காதும் அதே வாசலில்தான் நிற்கிறது என்று தோன்றவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ளோவுக்கு அடுத்த வீட்டில் ஒரு கை வந்து திரையை இழுத்தது.

"கம்மென்னு வாசனை வருதே!" ஹாடோ உட்கார்ந்தபடியே சொன்னார். "எங்க வீட்லயும் வெண்ணெய் இப்படித்தான். ஓரம் விடக்கூடாது."

"உக்காருங்க, உக்காருங்க. அம்மா தலை வாரிக்கிட்டிருக்காங்க." மேவிஸ் இரண்டே எட்டில் வந்து அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "இன்னொரு கோப்பை?"

"ஐயோ, இதுக்கு மேல தாங்காது." எழுந்தார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும், உதறிக்கொண்டார். "தட்டு ரெண்டும் செத்துப்போச்சு. சரியாச் சொல்றேனா?"

"ரொம்பச் சரி." மேவிஸ் சிரித்தாள். தன் தோளுக்கு மேலாக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். மூலை வீடு மூடியாயிற்று. அதற்கும் அப்பால், கணவனைப் போரில் பறிகொடுத்த கிழவி, அப்பாவோடு பாதி நாள் சண்டை பிடித்தவள், நாற்காலி போட்டு ஏறி மாடித் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். எட்டவில்லை. எட்டி எட்டி இழுத்தாள். தெருவில் பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு இவர்கள் வீட்டைப் பார்த்தார். திரை திறந்திருந்தது, கணப்பு எரிந்துகொண்டிருந்தது, மேவிஸ் ரொட்டித் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். பால்காரருக்குக் குழப்பமாக இருந்திருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று தொப்பியைக் கழற்றினார்.

"இது ராய்தானே?" ஹாடோ கணப்பு மேலிருந்த புகைப்படத்தை எட்டிப் பார்த்தார். "உங்கப்பா சொல்லியிருக்கார். வாய் ஓயாது அவருக்கு, மகனப் பத்தி. உங்களப் பத்தியும்தான்..." மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்டது என்று இருவருக்குமே தெரிந்தது. அவர் காது சிவந்தது.

மேவிசின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதை எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரு முழுக்க எர்ன் பெக்ரமுக்காக இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. சண்டை போட்ட கிழவி நாற்காலி ஏறுகிறாள். அவர் பெற்ற மகள் வீட்டில் மட்டும் வெளிச்சம், தேநீர், சிரிப்பு. இன்னும் கொஞ்ச நேரம், மேவிஸ், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த ஆளை அப்படியே திருப்பிப் படியேற்றிவிடு. இருட்டறை. ஒரு தலையாட்டு. சனிக்கிழமை நீ உன் மூலையில் நிற்கலாம், சாகிற வரைக்கும் நிற்கலாம்.

ரொட்டித் தட்டை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். ஜன்னலுக்குப் போனாள். இரண்டு கையாலும் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையம் ஒன்று கம்பியில் சிக்கியது, வழக்கமாகச் சிக்குகிற வளையம்தான். அதைத் தட்டிவிட்டு முழுக்க மூடினாள்.

அறையில் கணப்பின் சிவப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

ஹாடோ திரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஊர்லயும் இப்படித்தான் மூடுவாங்க" என்றார். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "எப்ப?"

"நீங்க டீ குடிச்சிட்டிருந்தப்ப."

"நான் உள்ள வரும்போது உசுரோட இருந்தாரா?"

"இருந்தார்."

"பாத்தேன்னு நான் சொல்ல முடியாது, மிஸ் பெக்ரம்."

"தெரியும். நீங்க பாக்கல."

அவர் தொப்பியை எடுத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "சனிக்கிழமைக்கு அடுத்த ஆளுக்குச் சொல்லியாகணும். என் கையில இல்ல. இருந்திருந்தா..." முடிக்கவில்லை. "நீங்க பொருள் அடுக்கறத நான் நின்னு பாத்திருக்கேன். உங்களுக்குத் தெரியாது."

மேவிஸ் தலையசைத்தாள்.

"மேல வந்து ஒரு தடவ அவரப் பாத்துட்டுப் போகட்டுமா? எனக்கு அவரப் பிடிக்கும். என்னைத் திட்டினதுல பாதி புரியாது, ஆனா திட்டறார்னு தெரியும்."

அவள் முன்னால் ஏறினாள், அவர் பின்னால் ஏறினார். மேலே போனதும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, எல்லாம் போய்விட்டது என்று எந்த வார்த்தையில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு ஏறினாள். கதவைத் தள்ளிய பிறகுதான், அம்மா இன்னும் அப்பாவைத் தாங்கிப் பிடித்தபடி காத்திருப்பாள் என்பது சுரீரென்று உறைத்தது. அதற்குள் கதவு திறந்துவிட்டது.

அம்மா கட்டிலின் தலைமாட்டில், சுவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் நெஞ்சில் சாய்ந்திருந்தார். தலை படிய வாரியிருந்தது, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. சால்வையால் இருவரையும் சேர்த்துப் போர்த்தியிருந்தாள். அவளுடைய கைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. அவர் தோளுக்கு மேலே அவள் முகத்தில் பாதி தெரிந்தது.

"வாங்க, மிஸ்டர் ஹாடோ. முழிச்சிட்டுத்தான் இருக்கார். பேச்சுதான் வரல, வெளிச்சமும் கண்ணுக்கு ஆகல. நீங்க கேக்க வேண்டியதக் கேளுங்க. காது நல்லாக் கேக்கும்."

"அம்மா..." என்றாள் மேவிஸ்.

"நீ சும்மா இரு. அவர் கேக்கட்டும்."

ஹாடோ தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். மேவிசைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கீழே தெருவில் பால் வண்டி, புட்டிகள் கிணுகிணுக்க, மெல்ல நகர்ந்து போயிற்று.

அம்மாவுக்குப் பொறுமை போயிற்று.

"சரி, அவருக்குக் கூச்சமா இருக்கு போல. நானே கேக்கறேன். எர்ன், நான்தான் லில். இன்ஸ்பெக்டர் வந்திருக்கார், பாத்துச் சொல்லு. கடை ராய்க்கா?"

சால்வைக்குள் ஏதோ அசைந்தது. அப்பாவின் தலை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. திரும்பிய இடத்திலேயே நின்றது. பிறகு நடுவுக்கு வந்தது.

"மேவிசுக்கா?"

தலை தாழ்ந்தது. தாழ்ந்துகொண்டே போய் மோவாய் பொத்தானைத் தொட்டது. அம்மா நிமிர்த்தப் பார்த்தாள், பாரம் தாங்கவில்லை. அவள் முகம் முழுக்க வெளியே தெரிந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வாங்க வந்தவன் எவ்வளவு பேரம் பேசினாலும் சொன்ன விலையிலிருந்து இறங்காதபோது அவளுக்கு வருகிற முகம்.

"பாத்துக்கிட்டீங்களா?"

"பாத்தேன், மிசஸ் பெக்ரம்," என்றார் ஹாடோ.

மேவிஸ் கட்டிலருகே போனாள்.

"சரிப்பா," என்றாள்.

குனிந்து அவர் நெற்றியில் கையைக் கொடுத்துத் தலையை நிமிர்த்தினாள். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. சால்வைக்குள் கையை விட்டு அம்மாவின் விரல்களைத் தேடினாள். அவை கழுத்துக்குப் பின்னால் இறுகப் பிடித்திருந்தன.

"விடும்மா. கை வலிக்கும்."

அம்மா உடனே விடவில்லை. ஹாடோ தொப்பியை நாற்காலி மேல் வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே, அவரைப் படுக்க வைக்கக் கைகொடுக்கக் கால்பக்கம் போய் நின்றார்.